இரண்டு ரேடியோவுக்கு நடுவில் ஒரு பெயர்

"வானத்துல வர்ற பாட்டு ஒரு கடையில விழுந்து எதிர்த்த கடையில விழாம போகுமா, டீச்சரம்மா?"

கைருதீன் பாய் என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான். நான் பள்ளிக்கூடம் முடிந்து மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவர் தேத்தண்ணி ஆற்றிய கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே கடையை விட்டு இறங்கி வந்திருந்தார்.

"மழை மாதிரியா பாய்?" என்று கேட்டேன்.

"மழைன்னா பரவால்ல. எனக்குப் பெய்யல, ரங்கசாமிக்குப் பெஞ்சுதுன்னு விட்டுருவேன். இது கொஞ்ச நேரம் அவனுக்கு, கொஞ்ச நேரம் எனக்குன்னு மாத்தி மாத்திப் பெய்யுது. நேத்து இங்கதான நின்ன? எந்தக் கடையில பாட்டு நல்லா கேட்டுச்சு? நாயமா சொல்லு."

"மொதல்ல ஒங்க கடையில. அப்புறம் அங்க. அப்புறம் மறுபடி இங்க."

"அப்ப ஒனக்குத்தான் முழுப்பாட்டும் கேட்டிருக்கு."

அதை நான் யோசித்ததில்லை. ஆமாம் என்றேன்.

"தேத்தண்ணி குடிச்சவனுக்குப் பாதிப் பாட்டு. பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணுக்கு முழுப்பாட்டு. நல்ல கடைலா நான் நடத்துறது." கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். "சரி, நீ இங்கிலீஸ் படிச்ச பொண்ணு. அந்தப் புஸ்தகத்துல இதுக்கு என்னா காரணம் போட்டிருக்கான்?"

மலாக்கா கான்வென்டில் ஒரு கன்னியாஸ்திரி படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. "தூரத்து ரேடியோவோட அலை நேரா ஒரே வழியில வர்றதில்ல பாய். மேல வானத்துல பட்டு, எறங்கி, பல வழியா வந்து சேருது. செர்காம் கடல்ல ரெண்டு பக்கத்துலேர்ந்து அலை வந்து மோதுறத பாத்திருப்பீங்க. ரெண்டும் ஒண்ணா எழும்புனா ஆள் உயரத்துக்கு வரும். ஒண்ணு எழும்புற எடத்துல இன்னொண்ணு எறங்குனா தண்ணி சும்மா கெடக்கும். அந்தச் சும்மா கெடக்குற எடமும் மாறிக்கிட்டே இருக்கும். ஒங்க கம்பிகிட்ட அப்படிக் கெடக்குறப்ப, ரங்கசாமி அண்ணன் கம்பிகிட்ட எழும்பிக்கிட்டு இருக்கலாம்."

பள்ளிக்கூடத்துக்கு வெளியே நான் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை. என் குரலைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"அப்ப நானே ரெண்டு எடத்துலயும் கம்பி கட்டிட்டா?" என்றார்.

எனக்கும் தெரியாது. அதைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

எங்கள் கடைத்தெரு சுங்கை ரம்பாய்க்குப் போகும் சாலையில், ரப்பர்த் தோட்டத்து வாசலுக்கு எதிரே இருந்தது. தெரு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். சாலைக்கு இந்தப் பக்கம் கைருதீன் பாயின் தேத்தண்ணி ஒட்டுக்கடை, அந்தப் பக்கம் ரங்கசாமியின் தோசைக்கடை. கொஞ்சம் தள்ளி பஸ் நிற்கும் மரம். டாருராட் என்கிற அவசரகாலச் சட்டக் காலம் அது. தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரமுத்துவைத் துப்பாக்கியோடு நிறுத்தியிருந்தார்கள். இருட்டுவதற்குள் கடையை மூடவேண்டும், தோட்டத்து ஆட்கள் உள்ளே போய்விடவேண்டும். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு வடையைக் கூட கடையை விட்டு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் எல்லோரும் வடையைக் கடையிலேயே தின்றார்கள், தேத்தண்ணியையும் அங்கேயே குடித்தார்கள், ரேடியோவையும் அங்கேயே கேட்டார்கள். இரண்டு கடையிலும் லாரி பேட்டரியில் ஓடும் ரேடியோ இருந்தது. இரண்டு கடையிலிருந்தும் ஏரியல் கம்பி பின்பக்கமாகப் போய் ஒரு மரத்தில் ஏறியது. ஒரு கம்பிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பந்து விளையாடும் அளவுக்கு இடைவெளி.

கைருதீன் பாய் கூத்தாநல்லூர்க்காரர். சின்ன வயதில் கப்பல் ஏறி, ஜாசினில் உறவினர் கடையில் தட்டுக் கழுவி, ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு விற்று, பிறகு இங்கே வந்து கடை போட்டவர். அவருக்கு ஓர் அண்ணன். நானா என்பார். நானா ஊரில் பெரிய பாட்டுக்காரர், மதராஸ் ரேடியோவில் பாடுகிறவர். இதைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சர்க்கரை போடும்போது ஒருமுறை, கிளாஸை வைக்கும்போது ஒருமுறை சொல்லிவிடுவார். இப்போது எங்கள் பக்கத்தில் அவரை எல்லோரும் மஸ்தான் தம்பி என்றே கூப்பிடுகிறார்கள். அப்போது அப்படி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட பேர் வேறு, அதை நான் எழுதுவதாக இல்லை.

காரணம், அந்த நானாவின் பேரை ரேடியோவில் யாரும் கேட்டதில்லை. பாட்டு வரும். கணீரென்று ஒரு ஆண் குரல் வரும். பாய் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "நானாதான்" என்பார். பாட்டு முடியும். "இதுவரை பாடியவர்" என்று அறிவிப்பாளர் சொல்வார். உடனே எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். அது அடங்கும்போது அடுத்த நிகழ்ச்சி பாதி நடந்திருக்கும்.

"ஒங்க அண்ணனுக்கு வீட்டுல பேரே வைக்கலியா பாய்?" என்று பால்மரம் வெட்டும் கந்தசாமி கேட்பார். அவர் தினமும் கேட்பார்.

ஒருநாள் அதைவிட மோசமாகப் போய்விட்டது. குரல் வந்தது, பாய் நானாதான் என்றார், பாட்டு முடிந்தது, அன்றைக்குப் பார்த்து ரேடியோ கண்ணாடி மாதிரி இருந்தது. தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் பேர் எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது. எதிர்க்கடையில் ரங்கசாமி தோசையைத் திருப்பிக்கொண்டே, "மதராஸ்ல பாடுறவன் எல்லாம் பாய்க்கு அண்ணன்தான், அவங்கம்மா பாவம்லா" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அதுவரை அவர்கள் இரண்டு பேரும் ஒரே தண்ணீர்க் குழாயில் மாற்றி மாற்றிக் குடம் வைத்த சிநேகிதர்கள். அன்றிலிருந்து கைருதீன் பாய், ரங்கசாமியிடம் சொல்லவேண்டியதை வாடிக்கைக்காரர்களிடம் சொல்லத் தொடங்கினார். அவர்கள் சாலையைக் கடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள்.

சாலையைக் கடப்பதற்கு அவர்களுக்குச் சிரமமில்லை, எப்படியும் கடந்துகொண்டேதான் இருந்தார்கள். இங்கே பாட்டு மங்கினால் கிளாஸோடு எழுந்து அங்கே போவார்கள். அங்கே மங்கினால் திரும்பி வருவார்கள். ஒரு பாட்டுக்குள் இரண்டு தடவை இடம் மாறுவதும் உண்டு. இதனால் இரண்டு கடைக் கிளாஸும் கலந்துபோய், பாய் தன் கிளாஸ்களின் அடியில் பச்சைப் பெயின்டில் பொட்டு வைத்தார். மறுநாளே ரங்கசாமி நீலப் பொட்டு வைத்தார். சாயங்காலம் ஆனால் வீரமுத்து துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அங்கே கிடக்கும் பச்சையை இங்கேயும் இங்கே கிடக்கும் நீலத்தை அங்கேயும் தட்டில் வைத்து மாற்றிக்கொடுப்பார். வேலி வாசலைவிட இதில்தான் அவர் கவனமாக இருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் பொட்டு எதையும் பார்த்ததில்லை. ஆண்கள் உட்காரும் கடைக்குள் என்னைப் போன்ற பெண் போவதில்லை. மரத்தடியில் குடையோடு நிற்பேன், இரண்டு ரேடியோவும் கேட்கும். அதனால்தான் பாய் என்னிடம் வந்து கேட்டார்.

நான் கடல் கதை சொன்ன மறுநாளே அவர் காரியத்தில் இறங்கிவிட்டார். சாலைக்கு அந்தப் பக்கம் ரங்கசாமி கடைக்குப் பின்னால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ரம்புத்தான் மரம். அதில் ஒரு கம்பியைக் கட்டி, சாலையின் குறுக்கே இழுத்து வந்து, தன் பழைய கம்பியோடு முறுக்கிச் சேர்த்து, இரண்டையும் ஒரே ரேடியோவில் சொருகினார். ஒரு கம்பிக்கு இவ்வளவு சத்தம் என்றால் இரண்டு கம்பிக்கு இரண்டு மடங்கு என்பது அவர் கணக்கு. சில நேரம் அப்படித்தான் இருந்தது. பாட்டு அடுப்பு வரை அதிர்ந்தது. பல நேரம், பழைய கம்பி ஒன்றே இருந்தால் நன்றாக வந்திருக்கக்கூடிய பாட்டும் வரவில்லை.

"முன்னாடி ஒருத்தரு செத்தா ஒருத்தரு இருந்தாரு," என்றார் கந்தசாமி. "இப்ப ரெண்டு பேரையும் சேத்துக் கட்டி ஆத்துல போட்டுட்டீங்க பாய்."

அந்த வாரத்திலேயே ஒரு ராணுவக் கவச வண்டி அந்தப் பக்கமாக வந்தது. அதன் தலையில் நீளமான ஏரியல் குச்சி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அது பாயின் கம்பியில் மாட்டி, கம்பியையும் ரம்புத்தான் கிளை ஒன்றையும் சாலையோடு இழுத்துப் போய் நின்றது. வண்டியிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் கிளையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கம்பி போன வழியைப் பிடித்துக்கொண்டு நேராகக் கைருதீன் பாயிடம் வந்தார். வீரமுத்து ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். "நீ போய் இங்கிலீஸ்ல சொல்லு தங்கச்சி. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஸு சலூட் மட்டும்தான்."

சாலையோரம் போய் நின்றேன். இந்தக் கம்பியால் யாருக்குச் செய்தி அனுப்புகிறான் என்று கேட்டார் அந்த அதிகாரி. நான் தமிழில் சொன்னேன்.

"அனுப்புறதா? நான் பேசுறத என் பொண்டாட்டியே கேக்குறதில்ல, காட்டுல இருக்கறவனா கேக்கப் போறான். இது கேக்குறதுக்கு மட்டும்னு சொல்லு. எங்க நானா பாடுறாரு. பேரு சொல்றப்ப மட்டும் போயிடுது. அத கேக்கத்தான். மதராஸ் ஸ்டேஷன்ல விசாரிச்சுக்கச் சொல்லு."

"கேட்பதற்கு மட்டும்தான் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அவ்வளவு நேரம் பேசினாரே" என்றார் அதிகாரி.

"அண்ணன் பாடுகிறாராம்" என்றேன்.

அவர் கடைக்குள் போய் ரேடியோவின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு கரப்பான் தவிர சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. சாலைக்குக் குறுக்கே இனி எந்தக் கம்பியும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, குச்சியில் சிக்கிய இலைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்.

பாய் மிஞ்சிய கம்பியைச் சுருட்டி எடுத்து வைத்தார். அந்தச் சமயத்தில்தான் கூத்தாநல்லூரிலிருந்து கப்பலில் வந்த ஓர் உறவுக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானா சையது மஸ்தான் மதராஸ் ரேடியோவில் பாடுகிறார். இந்தத் தடவை குரலை வைத்து ஊகம் இல்லை, நாளும் நேரமும் உறுதி. பாய் மறுபடியும் மரத்தடிக்கு வந்தார்.

"ஒரு கம்பி போதாது. ரெண்டு கம்பி சண்ட போடுது. வெள்ளைக்காரன் வேற குறுக்க கட்டாதன்னுட்டான். என்னா செய்யிறது?"

பக்கத்தில் கந்தசாமி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு பாய். பாட்டு எங்க போச்சோ அங்க நாங்க போனோம். நடுரோட்டுல நாக்காலி போட்டா நடக்கற வேலயும் மிச்சம்."

பாய் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "கடல்ல மோதுன அலைய நான் கம்பியில இழுத்துக் கடைக்குள்ள வந்து மறுபடி மோத விட்டிருக்கேன். அப்படித்தான?"

"அப்படித்தான் போல பாய்."

"அலைய சேக்கக் கூடாது. அவன் கம்பி அவன் ரேடியோவுக்கு, என் கம்பி என் ரேடியோவுக்கு. வெளிய வந்த சத்தம் ரெண்டையும் நடுவுல சேத்துக்கணும். ஒண்ணு மங்குனா ஒண்ணு தாங்கும்." முகம் தெளிந்தது. உடனே மறுபடி கறுத்தது. அப்படியென்றால் அந்த வெள்ளிக்கிழமை ரங்கசாமியும் அதே ஸ்டேஷனை அதே சத்தத்தில் வைக்கவேண்டும். அதை அவர்தான் போய்க் கேட்கவேண்டும்.

அவர் எப்படிக் கேட்டார் என்பது வீரமுத்து மூலம் எனக்கு வந்தது. கிளாஸ் தட்டோடு அப்போது அவர் அங்கே நின்றிருந்தார். பாய் சாலையைக் கடந்து தோசைக்கடைக்குள் போனாராம். கடையில் ஒருவரும் மெல்லவில்லையாம்.

"ரங்கசாமி."

"சொல்லுங்க பாய்."

"வெள்ளிக்கிழம சாயங்காலம் ஒன் ரேடியோவ மதராஸ்ல வைக்கணும். நானா பாடுறாரு."

"அவருதான் தெனம் பாடுறாரே."

"இந்தத் தடவ நெசமாலுமே."

"அப்ப மத்த தடவ?"

ரங்கசாமி கரண்டியைக் கீழே வைத்தாராம். "வைக்கிறேன் பாய். ஒரே பேச்சு. பேரு வந்துச்சுன்னா நான் சொன்னது தப்புன்னு இதே அடுப்புகிட்ட நின்னு சொல்றேன். வரலைன்னா அண்ணன்ங்கிற பேச்சு இனிமே இந்த ரோட்டுல வரக்கூடாது. சர்க்கரை போடுறப்பவும் வரக்கூடாது."

பாய் சரி என்று தலையை ஆட்டினாராம். இவ்வளவு நாளும் கடைக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணியோடு அவர் கொடுத்துவந்தது அந்த அண்ணனைத்தான். அதை அவர் பணயமாக வைத்துவிட்டு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை நான் வந்தபோது சாலை நடுவில் இரண்டு கடைப் பெஞ்சும் ஒன்றை ஒன்று ஒட்டிப் போடப்பட்டிருந்தன. தோட்டத்து ஆட்கள் குளித்து, தலை சீவி, திருவிழாவுக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். பாய் தன் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினார். எதிரே ரங்கசாமி சத்தத்தைக் கூட்டினார். பாய் கையைத் தாழ்த்தினார், அவர் குறைத்தார். இரண்டும் சமமானபோது கந்தசாமி பெஞ்சிலிருந்து தலையை ஆட்டினார்.

பாட்டு வந்தது. நல்ல குரல்தான், அதை யாரும் மறுக்கமுடியாது. முதல் வரி பாய் கடையிலிருந்து வந்தது. இரண்டாவது வரியில் அது மங்கியபோது அதே வரி தோசைக்கடையிலிருந்து எழுந்தது. பிறகு இரண்டிலும் சேர்ந்து வந்தது. பிறகு மறுபடி இங்கே. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பினார்கள், பூப்பந்து ஆட்டம் பார்ப்பதைப் போல. ஆனால் பாட்டில் ஒரு வார்த்தைகூட விழவில்லை. மதராஸிலிருந்து ஒரு பாட்டு அறுந்துபோகாமல் எங்கள் சாலைக்கு வந்து சேர்ந்தது அன்றுதான்.

கடைசி வரி பாடிக்கொண்டிருந்தபோது மெர்லிமாவ் பக்கம் லாரி ஹாரன் கேட்டது. ராணுவ லாரிகள், வரிசையாக. வீரமுத்து பாய்ந்து எழுந்து விசிலை வாயில் வைத்தார். சாலையை உடனே காலி செய்யவேண்டும். பெஞ்சைத் தூக்கிக்கொண்டு பாதிப் பேர் இந்தக் கடைக்குள் ஓடினார்கள், பாதிப் பேர் அந்தக் கடைக்குள் ஓடினார்கள். அந்த நேரத்தில்தான் அறிவிப்பாளர் பேசினார்.

பாய் கடை ரேடியோ, "இதுவரை பாடியவர் கூத்தாநல்லூர்" என்றது. பிறகு எண்ணெய்ச் சட்டி பொரிந்தது.

தோசைக்கடை ரேடியோவில் அதுவரை பொரிந்துகொண்டிருந்தது அடங்கி, "சையது மஸ்தான்" என்றது.

உடனே லாரிகள் வந்துவிட்டன. ஒன்றன்பின் ஒன்றாக, புழுதியோடு, இரண்டு கடைக்கும் நடுவில். அவை போய் முடிந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் கிளம்பியது.

"கூத்தாநல்லூருன்னு வந்துச்சு. கேட்டீங்களா, கூத்தாநல்லூரு."

"கூத்தாநல்லூர்ல இருக்கறவன் எல்லாம் பாய்க்கு அண்ணனா?" இது ரங்கசாமி. "என் கடையில மஸ்தான்னுதான் வந்துச்சு. நாகூர்லேர்ந்து நாகப்பட்டணம் போறதுக்குள்ள எத்தன மஸ்தான் இருக்கான் தெரியுமா?"

"ரெண்டையும் சேத்துப் பாரு, ரங்கசாமி."

"எப்படிச் சேக்கறது? இந்தக் கடையில இருந்தவன் அத கேக்கல, அந்தக் கடையில இருந்தவன் இத கேக்கல. நடுவுல வேற ஒரு ஆளு பேரு வந்திருந்தா? போன தடவ தஞ்சாவூர்க்காரனுக்கே அண்ணன் ஆனீங்க. முழுசா கேட்ட ஆளு ஒருத்தன் சொல்லட்டும், ஒத்துக்கிறேன்."

எல்லோரும் வீரமுத்துவைப் பார்த்தார்கள். அவர்தான் சாலை நடுவில் நின்றவர். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "எனக்கு இது மட்டும்தான் கேட்டுச்சு" என்றார்.

கைருதீன் பாய் சாலையில் நின்று முதலில் தன் கடையைப் பார்த்தார், பிறகு எதிர்க்கடையைப் பார்த்தார். பிறகு பஸ் மரத்தைப் பார்த்தார். நான் குடையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக்கொண்டேன். அதற்குள் வந்துவிட்டார்.

"டீச்சரம்மா. நீ கேட்டியா?"

"கேட்டேன் பாய்."

"முழுசா?"

"முழுசா."

அவர் கண்ணை மூடித் திறந்தார். வளைவில் என் பஸ் வருவது தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

"இந்த பஸ்ஸ விட்டுடு தாயி. அடுத்ததுல வீரமுத்து ஏத்தி விடுவான். ஒன் கொரலு பள்ளிக்கூட வாசலத் தாண்டாதுன்னு எனக்குத் தெரியும். கடைக்குள்ள வரவேணாம், ரோட்டுலயே நில்லு. இன்னிக்கு ஒரு தடவ மட்டும் ரங்கசாமி அடுப்பு வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லு. ஊரையும் பேரையும் சேத்துச் சொல்லு. நடுவுல மூச்சு மட்டும் விட்டுராத."